கெர்னல் தொடரில் பிராசசர் பகுதிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினி இணைப்பில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நாமே கம்பைல் செய்வது, அதாவது மூல நிரலிலிருந்து கட்டுவது எப்படி என்று வரும் தொடரை விடாமல் படிக்கிறேன். தமிழில் இவ்வளவு உள்ளே இறங்கி எழுத ஆள் இருப்பதே சந்தோஷம். ஆனால் பிராசசர் தேர்வு பற்றிய பகுதியில், உங்கள் மெஷினில் என்ன பிராசசர் இருக்கிறதோ அதற்கென்றே கெர்னலைக் கட்டுங்கள், வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்கிற ரீதியில் எழுதிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு பாண்டி பக்கம் ஒரு கல்லூரிப் பசங்கள் செய்த வேலையால் லேபில் பாதி மெஷின் எழுந்திருக்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் கணினி சர்வீஸ் செய்பவன். நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர் வரைக்கும் பள்ளி, கல்லூரி லேப்களையும் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்து லேப்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருஷம் பத்து மெஷின் வாங்குவார்கள், நாலு வருஷம் கழித்து இன்னொரு பத்து, நடுவில் யாரோ நன்கொடையாகக் கொடுத்தது கொஞ்சம். ஒரே வரிசையில் கோர் 2 டுவோ, மூன்றாம் தலைமுறை ஐ3, போன வருஷம் வந்த புது ஐ5 எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இருப்பதிலேயே வேகமானது என்று பசங்கள் அந்தப் புது ஐ5-இல் கெர்னலைக் கட்டியிருக்கிறார்கள். அது சரிதான், கம்பைல் சீக்கிரம் முடியும். ஆனால் கெர்னலில் எது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுவைத் திறக்க மேக் மெனுகான்ஃபிக் போட்டு, பிராசசர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ் என்கிற பகுதிக்குள் போய், இந்த மெஷினின் பிராசசருக்கே கட்டு என்கிற நேட்டிவ் ஆப்ஷனையும் டிக் செய்துவிட்டார்கள். 2025-இல் வந்த 6.16 பதிப்பிலிருந்து அந்த ஆப்ஷன் மெனுவிலேயே இருக்கிறது. அப்புறம் அதை டெபியன், உபுண்டுவில் இன்ஸ்டால் செய்யும் டெப் பேக்கேஜாக்கி, பென் டிரைவில் எடுத்துப்போய் எல்லா மெஷினிலும் போட்டாயிற்று.

புது மெஷின்கள் ஜம்மென்று எழுந்தன. பழையவை, எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரைக்கும் வந்து, அதற்கப்புறம் வெறும் கறுப்புத் திரை. சிலது தானாக ரீஸ்டார்ட் ஆகித் திரும்பத் திரும்ப க்ரப்புக்கே வந்து நின்றன. திரையில் ஒரு எழுத்து கூட வரவில்லை. யுபிஎஸ் கோளாறு என்று ஒருவர், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று இன்னொருவர், கடைசியில் எனக்கு போன். வைத்தியம் சின்னதுதான். க்ரப்பில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போனால் பழைய கெர்னல் அங்கேயே இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் எழுந்தன, புதியதை அன்இன்ஸ்டால் செய்தோம், முடிந்தது. இடம் அடைக்கிறதே என்று பழைய கெர்னலை அழித்துவிட்டிருந்தால் ஒவ்வொரு மெஷினுக்கும் பென் டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பசங்கள் மேல் தப்பே இல்லை, பத்திரிகையில் போட்டிருந்ததை நம்பிச் செய்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நேட்டிவ் என்று சொன்னால் ஜிசிசி கம்பைலர், தான் ஓடிக்கொண்டிருக்கும் பிராசசரையே கேட்டு, அதற்குத் தெரிந்த எல்லா இன்ஸ்ட்ரக்ஷனையும் (பிராசசருக்குப் புரியும் அடிப்படை ஆர்டர்கள்) தாராளமாகப் பயன்படுத்தும். 2013-இல் இன்டெலின் நான்காம் தலைமுறை வந்தபோது பிஎம்ஐ, மூவ்பிஇ என்று சில இன்ஸ்ட்ரக்ஷன்கள் ஐ3, ஐ5 வரிசைக்குள் வந்தன. மூன்றாம் தலைமுறை ஐ3-க்கு அவை தெரியாது. அந்த இடத்துக்கு வந்ததும் இது என்ன ஆர்டர் என்று புரியாமல் பிராசசர் கையை விரித்துவிடும். கெர்னல் அப்போதுதான் கண் திறக்கிற நேரம், திரையில் எழுதும் பகுதியே இன்னும் தயாராகியிருக்காது, அதனால்தான் ஒரு பிழைச் செய்தி கூட வராமல் கறுப்பாக நிற்கிறது.

பிராசசர் பொருந்தாவிட்டால் லினக்ஸ் அழகாக மெசேஜ் காட்டுமே என்று சிலர் கேட்பார்கள். காட்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் காட்டாது. 32 பிட் மட்டும் தெரிந்த பிராசசரில் 64 பிட் கெர்னலைப் போட்டால், இந்தக் கெர்னலுக்கு 64 பிட் பிராசசர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686, உன் பிராசசருக்கு ஏற்ற கெர்னலைப் போடு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நிற்கும். 32 பிட் பிராசசர் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்த உதவும் பிஏஇ தேவைப்படும் கெர்னலை அது இல்லாத மெஷினில் போட்டாலும் இன்ன அம்சம் இல்லை என்று பெயர் சொல்லி நிற்கும். கான்ஃபிக் ஃபைலில் நாம் தேர்ந்தெடுத்ததை வைத்து, கட்டாயம் வேண்டிய அம்சங்கள் என்று ஒரு சின்னப் பட்டியலைக் கெர்னல் வைத்துக்கொள்கிறது, பூட் ஆகும்போது அதை மட்டும் சரிபார்க்கிறது. நேட்டிவ் ஆப்ஷனால் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு உள்ளே நுழைத்த இன்ஸ்ட்ரக்ஷன்கள் அந்தப் பட்டியலிலேயே வராது.

6.12 மாதிரி கொஞ்சம் பழைய பதிப்பில் இதே இடத்தில் பிராசசர் குடும்பம் என்று ஒரு பட்டியல் இருக்கும். 64 பிட்டுக்கு ஆப்டெரான், பழைய பென்டியம் 4 வகை, கோர் 2, ஆட்டம், கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஜெனரிக். இதில் ஆட்டம் ஒரு பொறி. இருப்பதிலேயே சின்ன பிராசசர், அதற்குக் கட்டினால் எதில் வேண்டுமானாலும் ஓடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நான் மேலே சொன்ன மூவ்பிஇ இன்ஸ்ட்ரக்ஷன் ஆட்டமில் ஆரம்பத்திலிருந்தே உண்டு, கோர் 2-வில் கிடையாது. அதனால் ஆட்டமுக்குக் கட்டிய கெர்னல் கோர் 2-வில் எழாது. நல்ல வேளையாக இது அந்தக் கட்டாயப் பட்டியலில் இருக்கிறது, என்ன குறை என்று சொல்லிவிட்டாவது நிற்கும். வரிசையில் மேலே இருப்பது பெரியது, கீழே இருப்பது சின்னது என்கிற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது.

எனவே பலவகை மெஷின் இருக்கும் லேபுக்கு ஜெனரிக் (6.16-இல் நேட்டிவை டிக் செய்யாமல் விட்டாலே அதுதான்), அவ்வளவுதான். 32 பிட்டாகவே இருந்தே தீரவேண்டிய மெஷின்கள் இருந்தால் அவற்றில் மிகப் பழையது எதுவோ அந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, கூடவே ஜெனரிக் எக்ஸ்86 சப்போர்ட்டையும் டிக் செய்துவிடுங்கள்.

சரி, ஜெனரிக் போட்டால் வேகம் போய்விடுமே? தொடரில் கோட்டை விட்டது இங்கேதான். வீடியோ மாற்றுகிற, படத்தைச் செதுக்குகிற சாஃப்ட்வேருக்கு எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் என்று பிராசசருக்குள் கணக்குக்கான எண்களை வைக்கும் பெரிய பெரிய ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தும்படி கம்பைல் செய்தால் நிஜமாகவே பலன் உண்டு. கெர்னலில் அதெல்லாம் கம்பைலரின் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். நேட்டிவ் போட்டாலும் பூட்டு பூட்டுதான். ஒவ்வொரு முறை கெர்னலுக்குள் போய் வரும்போதும் அந்த ரெஜிஸ்டர்களை எடுத்து வைத்துத் திருப்பிப் போடுவது பெரிய செலவு என்பதால் இந்த ஏற்பாடு. என்க்ரிப்ஷன், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் ரெய்டு மாதிரி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களுக்குத் தனித்தனியாகக் கையால் எழுதிய ரொட்டீன்கள் இருக்கின்றன, எதை ஓட்டுவது என்பதை பூட் ஆனபிறகு பிராசசரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நம்பாதவர்கள் ரெய்டு 6 மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துணைப் பகுதி) ஏறுகிற ஒரு மெஷினில், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையையும் ஓட்டிப் பார்த்து எத்தனை எம்பி வேகம் வந்தது என்று எழுதிவிட்டு, கடைசியில் எதை எடுத்துக்கொண்டது என்றும் ஒரு வரி போட்டிருக்கும். இது போக, பூட் ஆகும்போதே பிராசசரின் திறமையைப் பார்த்துத் தன் கோடில் சில இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும் வேலையும் கெர்னலில் உண்டு. அதாவது ஜெனரிக் கெர்னலும் உங்கள் ஐ5-ஐ ஐ5-ஆகத்தான் நடத்துகிறது. மிச்சமிருக்கும் வித்தியாசம் லேபில் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும் பையனுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் எழுதுகிறவர்களே 2025-இல் 64 பிட்டுக்கான அந்தக் குடும்பப் பட்டியலை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். பிரயோஜனத்தை விடக் குழப்பம்தான் அதிகம் என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது போல.

வேகத்துக்காகப் பார்க்க வேண்டியவை வேறு. எஸ்எம்பி என்று ஒரு ஆப்ஷன், அதை எடுத்துவிட்டால் நாலு கோர் பிராசசரில் ஒரே ஒரு கோர்தான் வேலை செய்யும். பக்கத்திலேயே அதிகபட்ச பிராசசர் எண்ணிக்கை கேட்கும். பெரிய சர்வர்களுக்காக 8192 வரை போகலாம், ஒவ்வொன்றுக்கும் கெர்னலில் சுமார் 8 கேபி கூடும் என்று உதவிக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. லேப் மெஷினுக்கு 16 போட்டால் தாராளம். 4 என்று இழுத்துப் பிடித்தால் நாளைக்கு எட்டு த்ரெட் மெஷின் வரும்போது பாதி சும்மா கிடக்கும், மிச்சமாகும் சில கேபியை வைத்து என்ன செய்யப் போகிறோம்.

எக்ஸ்பர்ட் ஆப்ஷன்களைத் திறந்துவிட்டால் எந்தெந்தக் கம்பெனி பிராசசருக்கு ஆதரவு வேண்டும் என்று இன்னொரு பட்டியல் வரும். இன்டெல், ஏஎம்டி, ஹைகான், சென்டார், ஜாவோசின் என்று நீளும். எங்கள் லேபில் எல்லாமே இன்டெல்தான், மற்றதை எடுத்துவிடலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். எடுக்கலாம், கெர்னல் துளியூண்டு குறையும். ஆனால் ஒவ்வொரு பிராசசருக்கும் உள்ள கோளாறுகளைச் சமாளிக்கும் திருத்தங்கள் அங்கேதான் இருக்கின்றன. இன்டெல் மெஷினில் இன்டெலை எடுத்துவிட்டால் பூட்டே ஆகாமல் போகலாம் என்று உதவிக்குறிப்பே எச்சரிக்கிறது. நாளைக்கு யாராவது ஏஎம்டியின் ரைசன் மெஷின் ஒன்றை நன்கொடை கொடுத்தால்? இன்டெலும் ஏஎம்டியும் இருக்கட்டும், மற்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மைக்ரோகோடு விஷயத்தைத் தொடரில் தொடவே இல்லை. பிராசசரில் கண்டுபிடிக்கும் பிழைகளுக்கு இன்டெலும் ஏஎம்டியும் திருத்தம் வெளியிடுகிறார்கள், அது பிராசசரில் நிரந்தரமாகப் பதியாது, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஏற்ற வேண்டும். ஏற்றும் வசதி கெர்னலில் வேண்டும், ஃபைல்கள் தனிப் பேக்கேஜாக வேண்டும். பயாஸ் அப்டேட் என்று கம்பெனிக்காரர்கள் கைவிட்டுப் பல வருஷம் ஆன நம் ஊர் அசெம்பிள் செட்டுகளுக்கு இது ஒன்றுதான் வழி.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று பிராசசர்களில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தனவே, அதற்கான தடுப்புகளையும் இதே கான்ஃபிக்கில் அணைக்க முடியும். அணைத்தால் பழைய மெஷினில் வேகம் கூடுவது உண்மை, அதிலும் இந்தத் தடுப்பின் செலவைக் குறைக்கும் பிசிஐடி வசதி இல்லாத கோர் 2 மாதிரி பிராசசர்களுக்கு மெல்ட்டவுன் தடுப்பு நன்றாகவே பாரம். அதற்காக இணையத்தில் திரியும் லேப் மெஷினில் அணைக்காதீர்கள். பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே ஸ்பெக்டரைப் பயன்படுத்த முடியும் என்று அப்போதே காட்டிவிட்டார்கள். நெட்டே இல்லாத, பில் போட மட்டும் வைத்திருக்கிற மெஷின் என்றால் கெர்னல் கட்டும்போது வெட்டி எறியாமல், பூட் வரியில் மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் என்று கொடுங்கள். வேண்டாம் என்றால் நாளைக்கே திருப்பிக்கொள்ளலாம். எந்த ஓட்டைக்கு உங்கள் மெஷினில் என்ன தடுப்பு இருக்கிறது என்பதை சிஸ் டைரக்டரிக்குள் சிபியு, அதற்குள் வல்னரபிலிட்டீஸ் என்ற இடத்தில் வரிவரியாகப் படிக்கலாம், பசங்களுக்கு அதைக் காட்டினாலே பாதி பாடம் முடிந்துவிடும்.

இந்த ஊரில் இன்னொரு தொந்தரவும் உண்டு. தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கமிருந்து வரும் மெஷின்களில் உப்புக்காற்றால் ரேம் ஸ்டிக்கின் பின்னெல்லாம் கறுத்துப்போய் இருக்கும். புதுக் கெர்னல் போட்டதிலிருந்து பூட் ஆகவில்லை, பிராசசர் சப்போர்ட் இல்லை போல என்று கொண்டு வருவார்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் பின்னை நாலு தேய்ப்பு தேய்த்துத் திருப்பிச் செருகினால் அதே கெர்னல் ஓடும். கான்ஃபிக்கை நோண்டுவதற்கு முன் பழைய கெர்னலில் எழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து எடைக்குப் போடுவதற்கென்று மெஷின்கள் நிறைய வருகின்றன. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறார்கள், நம் பள்ளிகளில் இருப்பது பெரும்பாலும் அதற்கு முந்தையது. எடைக்குப் போடும் முன் ப்ராக் டைரக்டரியில் சிபியுஇன்ஃபோ என்கிற ஃபைலைத் திறந்து ஃப்ளாக்ஸ் என்ற வரியில் எல்எம் என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் 64 பிட் ஓடும், இன்றைய கெர்னலே ஓடும். 2011-இலிருந்து அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் என் மேஜைக்கு வருகிறவை எல்லாம் இந்த ரகம்தான், பேட்டரி செத்திருக்கும், பிராசசர் நன்றாகவே இருக்கும். கெர்னல் ஓடினாலும் மேலே போடும் டிஸ்ட்ரிபியூஷன் (உபுண்டு, டெபியன் மாதிரி) ஓட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எஸ்எஸ்இ4.2 இன்ஸ்ட்ரக்ஷன்கள் இருக்கும் பிராசசரைக் கேட்கிறது, கோர் 2 எதிலும் அது இல்லை. எல்எம் இல்லாத நிஜமான 32 பிட் மெஷின்களுக்கு டெபியன் 13-இல் இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் கிடையாது. டெபியன் 12 போட்டு அதிலேயே 6.1 கெர்னலோடு 2028 ஜூன் வரை ஓட்டலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியதே இன்டெலின் 386 பிராசசரில்தான். அந்த 386-க்கான ஆதரவையே 2013-இல் வந்த 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், 486-ஐயும் எடுக்கலாம் என்று 2025-இல் பேச்சு வந்துவிட்டது. அதனால் மெஷின் பழையது என்றால் எந்தப் பதிப்புக் கெர்னல் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆப்ஷனுக்கு வரச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் போட உங்கள் பக்கத்தில் இடம் இருக்காது, தெரியும். பல மெஷின்களுக்குக் கட்டும்போது நேட்டிவ் வேண்டாம், ஜெனரிக் போடுங்கள், பழைய கெர்னலை அழிக்காதீர்கள் என்று அடுத்த பகுதியின் ஆரம்பத்தில் பெட்டி கட்டிப் போட்டால் போதும். தேர்வு விடுமுறைக்கு முன் புராஜெக்ட் முடிக்க வேண்டும் என்று இந்தப் பக்கம் இன்னும் சில கல்லூரிகளில் பசங்கள் உங்கள் தொடரை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மாட்யூல்கள் பற்றி என்று அறிவிப்பு பார்த்தேன். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் பற்றிச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அது அந்த நிமிஷத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிவிடும். அதனால் அதை ஓட்டுவதற்கு முன் பிரிண்டர், வெப்கேம், யுஎஸ்பி வைஃபை, பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒரு தடவை செருகி வேலை செய்ய வைத்துவிட்டு அப்புறம் ஓட்டச் சொல்லுங்கள். உபுண்டுவின் கான்ஃபிக்கை அப்படியே எடுத்துக் கட்டுகிறவர்களுக்கு உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் கம்பெனியின் சர்டிஃபிகேட் ஃபைல் இல்லை என்று கம்பைல் நின்றுவிடும், கான்ஃபிக்கில் சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவோகேஷன் கீஸ் என்று வரும் இரண்டு வரிகளையும் காலியாக்கினால் போகும், அதையும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.